மூன்று நாள் ஓடிய பஸ்

முழங்காலுக்கு எண்ணெய் பூசிவிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு இதை வாசிக்கிற என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்களில் யாரிடமாவது பள்ளிக்கூடக் காலத்துச் சீசன் ரிக்கற் இன்னும் இருக்கிறதா? பஸ் சீசன்தான். சின்ன அட்டை, மூலையில் ஸ்ரூடியோவில் எடுத்த படம், முகத்தில் பாதியை மறைத்தபடி டிப்போ முத்திரை. அக்காவிடம் ஒன்று இருந்தது. அதை வைக்கிற பிளாஸ்ரிக் உறையின் ஓரத்தை அவள் சிவப்பு நூலால் தைத்திருந்தாள். அட்டையும் போய்விட்டது, உறையும் போய்விட்டது. இடம்பெயர்ந்த ஒரு நாளில் எந்தப் பையோடு போனதோ தெரியாது.

போன கிழமை ஊரிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்தாள். ஊர்ச் சங்கத்தின் செயலாளராம். நானும் அக்காவும் இப்போது உரும்பிராயில் ஒரு வீட்டில் இருக்கிறோம். அக்காவின் கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். நான் ரீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள்.

"காலமை பஸ் நிண்டு ஏழு மாசம் அன்ரி," என்றாள் அந்தப் பெண். "மகஜர் குடுக்கப்போறம். ஊரிலை காணி இருக்கிற ஆக்களும் கையெழுத்து வைக்கலாம்."

"வைச்சிட்டுப் போ பிள்ளை, பாப்பம்," என்றேன். முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம், அந்தப் பிள்ளை என்ன செய்தாள்? மகஜர் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. ஏன் என்று இதுவரைக்கும் ஒருவருக்கும் சொன்னதில்லை. அக்காவுக்குக்கூடச் சொன்னதில்லை.

எங்கள் ஊர் தொண்டைமானாற்று வெளியின் கரையில் இருக்கிறது. தார் ரோட்டு எங்கள் ஊரோடு முடிந்துவிடும்; அதற்கு அப்பால் உவர்நிலமும் தண்ணீரும்தான். ஊரிலிருந்து பெரிய ரோட்டுக்கு மூன்றரைக் கட்டை, அதாவது மூன்றரை மைல். இடையில் ஒரு வீடில்லை, ஒரு மரமில்லை. அந்த வெளியைத் தாண்டிக் காலையில் ஒரு பஸ் வரும், பின்னேரம் ஒரு பஸ் வரும். காலை பஸ்ஸுக்குள் ஏறினால் புகையிலைச் சிப்பத்தின் காட்டமும் ஈரமான பனையோலைக் கடகத்தின் மீன்மணமும் ஒன்றாக மூக்கில் அடிக்கும். கொண்டக்டருக்கு எல்லோரையும் தெரியும். ஒருவரைக் காணாவிட்டால் மணியை அடிக்காமல் நின்று, "ஆசுப்பத்திரிக்காரி எங்கை?" என்று கேட்பார். அவள் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டே ஓடி வருவாள்.

ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படித்த பெண் எங்கள் ஊரில் இல்லை. அக்காதான் முதல். ரவுண் என்று நாங்கள் சொல்கிற பட்டணத்தின் பெண்கள் கல்லூரியில், அதுவும் விஞ்ஞானப் பிரிவில், இடம் கிடைத்தது. அவள் ஆய்வுகூடத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் சாப்பாடு ஆறிப்போகும். தவளையின் நெஞ்சு, வெட்டிய பிறகும் துடிக்குமாம். எனக்கு அப்போது ஒன்பது வயது. வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன்.

அந்த மார்கழி மழையில் வெளியிலிருந்த மதகு உடைந்தது. பஸ் நின்றது. சரி, மழைக்கு நின்ற பஸ் மழை விட்டால் வரும் என்றிருந்தோம். தைப்பொங்கலுக்குப் பிறகு மதகைக் கட்டினார்கள். புதுச் சீமெந்தின் மேல் சிறுவர்கள் குச்சியால் பெயர் எழுதினார்கள். சீமெந்து காய்ந்தது, பெயர்கள் அப்படியே இருந்தன, பஸ் மட்டும் வரவில்லை.

அப்பா அக்காவைச் சைக்கிளில் பெரிய ரோட்டுவரை ஏற்றிக்கொண்டு போவார். ஆனால் எங்கள் தோட்டக் கிணறு பங்குக் கிணறு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியற்காலையில் எங்கள் தண்ணீர் முறை. முறையைத் தவறவிட்டால் வெங்காயம் கருகிப்போகும். ஆகவே அக்கா ஒரு நாள் பள்ளிக்கூடம், ஒரு நாள் வீடு. சந்தைக்குப் போகிற பெண்கள் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியால் நடந்தார்கள். அவர்களோடு தானும் நடக்கிறேன் என்றாள் அக்கா.

"சந்தைக்குப் போறவையோடை படிக்கிற பிள்ளை றோட்டளந்து போறதோ?" என்றாள் அம்மா.

"அப்ப சைக்கிள் பழகுறன்."

"கண்டறியாத கதை கதையாதை. பெட்டை சைக்கிள் ஓடுறதோ?"

பட்டணத்தில் மாமி வீடு இருந்தது. அங்கே தங்கலாம் என்றால், மாமிக்கு வளர்ந்த ஆண்பிள்ளைகள் இரண்டு பேர். முறை மச்சான்மார் இருக்கிற வீட்டில் குமர்ப்பிள்ளையை விடுவதா? அந்தக் கதவும் அடைபட்டது. பத்து வருஷம் போகவில்லை, யாழ்ப்பாணத்துப் பெட்டைகள் எல்லோரும் சைக்கிளில் பறந்தார்கள். அம்மாவே வாசலில் நின்று "பாத்துப் போங்கோடி" என்று அனுப்பினாள். அந்தச் சைக்கிள் அன்றைக்கு எங்கள் வீட்டுச் சுவரில்தான் சாய்ந்து நின்றது. நினைத்தால் சுவரில் தலையை முட்டலாம் போலிருக்கிறது.

மாசி பிறந்ததும் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. மாத முடிவுக்குள் ஒழுங்காக வராவிட்டால் பெயரை வெட்டிவிட்டு, காத்திருக்கிற இன்னொரு பிள்ளைக்கு இடத்தைக் கொடுப்பார்களாம். அக்கா அந்தக் கடிதத்தைச் சாமி அறையில் படத்துக்குப் பின்னால் செருகினாள். அப்பா அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினார். "பஸ் வந்தால் போ பிள்ளை. வராட்டில் நான் என்ன செய்ய?" என்றார்.

பஸ்ஸைக் கொண்டுவர ஊர் எழும்பியது. எழும்பியது என்றால், கிளாக்கர் எழும்பினார். கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் இருந்து பென்சன் எடுத்து வந்தவர். ஊரில் அரசாங்கத்துக்குப் போகிற கடிதம் எதுவானாலும் அவர் கையால்தான் போகும். வாசிகசாலையில் கூட்டம் போட்டு மகஜர் எழுதினார். மூன்று பிரதி வேண்டும். அக்காவின் எழுத்து மணிமணியாக இருக்கும் என்று அவளைக் கூப்பிட்டார்கள். கார்பன் தாளை வைத்து அழுத்தி எழுதினாள். விரல் நுனி நீலமாகிவிட்டது. நான் பக்கத்தில் நின்று தாளைப் பிடித்தேன்.

அந்த மகஜரில் ஒரு வசனம் எனக்கு இன்றைக்கும் பாடம். "கொழும்பிலும் மலாயாவிலும் உயர் உத்தியோகம் வகிப்போரையும், கல்வீடுகளையும், பழம்பெரும் ஆலயத்தையும் கொண்டு, யாதொரு குறையுமற்று விளங்கும் எமது கிராமத்தின் கௌரவத்துக்கு ஏற்ப, பஸ் சேவையை மீள ஆரம்பிக்குமாறு..." சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். குறையைச் சொல்லப் போன கடிதத்தில் யாதொரு குறையும் இல்லை என்று எழுதினது உலகத்திலேயே எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

அக்கா பேனையை நிறுத்தினாள். "ஐயா, இதிலை படிக்கிற பிள்ளையளைப் பற்றி ஒண்டும் இல்லையே."

"பொம்பிளைப் பிள்ளையள் பஸ்ஸில்லாமல் வெளியிலை நிண்டு தவிக்குதுகள் எண்டு அரசாங்கக் கச்சேரிக்கு எழுதுறதோ? ஊர் மானம் என்னாகிறது? நீ எழுது பிள்ளை."

அவள் எழுதினாள். மூன்று பிரதியிலும் தன்னை விட்டுவிட்டுத் தானே எழுதினாள்.

மாசி நடுவில் பதில் வந்தது. மூன்று நாள் காலை பஸ்ஸை ஓட்டிப் பார்ப்பார்கள். டிப்போவிலிருந்து ஒரு அதிகாரி கூட வருவார். ஆட்களுக்குத் தேவை இருக்கிறது என்று கண்டால் தொடர்ந்து ஓடும். அக்கா கடித்த பாணைக் கையில் வைத்துக்கொண்டே கிணற்றடிக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னாள். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் தெரிகிறது.

பின்னேரம் வாசிகசாலையில் கிளாக்கர் முடிவு சொன்னார். "அதிகாரி ஏறுற பஸ்ஸிலை மீன் கடகமும் வெங்காயச் சாக்கும் கிடந்தால் ஊரைப் பற்றி என்ன நினைப்பார்? மூண்டு நாளும் பெரிய மனிசர் ஏறுவம். பொம்பிளையளும் பிள்ளையளும் நாலாம் நாளிலையிருந்து போகலாம். பஸ் எங்கை ஓடிப்போகப் போகுது?"

எல்லோரும் ஓம் என்றார்கள். அப்பாவும்தான். ஒருவருக்காவது இது விசர் வேலை என்று படவில்லை. வீட்டுக்கு நல்ல விருந்தாளி வந்தால் முன் விறாந்தையில் ஆண்கள் இருப்பதும், வேலை செய்கிறவர்கள் பின்னால் நிற்பதும் எங்கள் வழக்கம். பஸ்ஸையும் முன் விறாந்தை ஆக்கிவிட்டார்கள்.

"அப்பா, மாசம் முடியுது," என்றாள் அக்கா.

"மூண்டு நாள் பொறு பிள்ளை. எல்லாம் உனக்காகத்தானே." அவர் பொய் சொல்லவில்லை. அக்காவுக்காகத்தான் வெள்ளை வேட்டிக்கு நீலம் போட்டுத் தோய்க்கச் சொன்னார்.

முதல் நாள் பஸ் நிறுத்தத்தில் வாழை கட்டி, நிறைகுடம் வைத்து, குத்துவிளக்குக் கொளுத்தியிருந்தார்கள். நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தார்கள். பஸ் அசைந்ததும் அவை நசுங்கின. புளிப்பு மணமும் டீசல் புகையும் ஒன்றாக எழும்பின. றைவருக்கு மாலை, கொண்டக்டருக்குச் சந்தனம், அதிகாரிக்கு மாலையும் மோரும். எல்லாம் முடிந்து வெளிக்கிட முக்கால் மணித்தியாலம் பிந்தியது. சின்னப் பிள்ளைதானே என்று என்னை மட்டும் அப்பா கூட்டிப்போய் மடியில் இருத்தினார். பஸ் நிறைய வெள்ளை வேட்டி. வேலிக்குப் பின்னால் அக்கா நின்றதைக் கண்டேன்.

புது மதகடியில் சந்தைப் பெண்கள் கடகங்களோடு நடந்துகொண்டிருந்தார்கள். றைவர் வேகத்தைக் குறைத்தார். அவர்கள் ஓரத்துக்கு ஒதுங்கி, போங்கோ போங்கோ என்று கையைக் காட்டினார்கள். ஏறவேண்டாம் என்று சொல்லி வைத்திருந்ததே.

"அவை ஏறேல்லையோ?" என்று அதிகாரி திரும்பிப் பார்த்தார். மெலிந்த மனிதர், மடியில் ஒரு பைல், குரலில் மரியாதை.

"அவை நடந்து பழகின ஆக்கள்," என்றார் கிளாக்கர்.

அதிகாரி எழும்பி ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார்.

"எங்கை போறியள்?"

"ரவுணுக்கு."

"என்ன அலுவலாய்?"

"அலுவலெண்டு ஒண்டுமில்லை. சும்மா ஒருக்கா."

அடுத்தவர், "அலுவலெண்டால் நான் கார் பிடிச்சுத்தான் போறது. இண்டைக்கு ஊருக்காக இதிலை ஏறினனான்," என்றார். அவர் கார் பிடித்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஒவ்வொருவரும் தனக்கு இந்த பஸ் தேவையில்லை என்று காட்டத்தான் ஒருவரை ஒருவர் முந்தினார்கள்.

"பள்ளிக்கூடப் பிள்ளையள் ஒருத்தரையும் காணேல்லை?"

"எங்கடை ஊரிலையே நல்ல பள்ளிக்கூடம் இருக்கு," என்றார் கிளாக்கர். "எங்கடை பிள்ளையள் வெளியிலை போய் அலையத் தேவையில்லை."

அதிகாரி அப்பாவுக்கு முன்னால் நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?"

"ரண்டு பெட்டையள்."

"எங்கை படிக்கினம்?"

அப்பா கிளாக்கரைப் பார்த்தார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்துவிட்டேன். அக்கா ரவுணிலை படிக்கிறா. சொல்ல இருந்தது மூன்றே மூன்று சொல். அப்பாவின் கை என் முழங்காலை அழுத்தியது.

"ஊரிலைதான்," என்றார் அப்பா.

நான் வாயை மூடிக்கொண்டேன். சபையில் கிளாக்கரின் சொல்லைப் பொய்யாக்க அவரால் முடியவில்லை. அது இப்போது விளங்குகிறது, அவரை மன்னித்தும் விட்டேன். என்னை மன்னிக்கத்தான் முடியவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை சபையில் குறுக்கே பேசினால் யார் என்ன செய்திருப்பார்கள்? ஒரு குட்டு விழுந்திருக்கும். ஒரு குட்டுக்குப் பயந்தேன்.

இரண்டாம் நாள் வேட்டிகள் பாதியாகின. தேவையில்லாத பயணத்தை யார் எத்தனை நாளைக்குப் போவார்கள்? மூன்றாம் நாள் தோட்டக்காரர் எல்லோரும் தோட்டத்தில். அப்பாவும் அங்கேதான். பஸ்ஸில் அதிகாரியும் கிளாக்கரும் மட்டும்.

அக்கா அன்றைக்கு விடியவே வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்தில் ரை கட்டி, இரட்டைப் பின்னலுக்கு றிபன் முடிந்து, எங்கள் வேலிப் படலையடியில் நின்றாள். கையில் பழைய சீசன். பஸ் வரும்போது கையை நீட்டினாள். நான் அவள் பாவாடை மடிப்பைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன்.

பஸ் நின்றது. கிளாக்கர் மிதிபலகையில் வந்து நின்று வாசலை மறித்தார். "பிள்ளை, இண்டைக்கு ஒரு நாள் பொறு. நாளையிலையிருந்து பஸ் உன்ரைதான்."

"ஐயா, உள்ளை ஒருத்தரும் இல்லையே."

"ஏறட்டுமே ஐயா, பிள்ளை படிக்கப் போகுது," என்றார் கொண்டக்டர்.

"நீர் மணியை அடியும்."

ஒருவரும் வெளியில் படிக்கப் போவதில்லை என்று சொன்ன வாய் அல்லவா? அக்கா ஏறினால் அவர் சொன்னது பொய்யாகிவிடும். கொண்டக்டர் அக்காவைப் பார்க்காமல் மணியை அடித்தார். வெறும் பஸ் போனது. நீட்டிய கையை அக்கா இறக்கவில்லை.

"அவர் என்னைப் பாத்தவரோடி?" என்று கேட்டாள்.

"ஆர்?"

"அந்த ஒபிசர். சட்டையைப் பாத்திருந்தால் விளங்கியிருக்கும்."

"தெரியாதக்கா." அவர் குனிந்து பைலில் எழுதிக்கொண்டிருந்ததை நான் கண்டேன். அதையும் சொல்லவில்லை.

நாலாம் நாள் நிறுத்தத்தில் கூட்டம். சந்தைப் பெண்கள், ஆசுப்பத்திரிக்காரி, நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, அக்கா. சொன்ன சொல்லை நம்பி வந்தவர்கள். நிறைகுடத்து மாவிலை சுருண்டு கிடந்தது. வெயில் ஏறியது. மீன் கெடத் தொடங்கியதும் பெண்கள் கடகங்களைத் தூக்கி நடந்தார்கள். அக்கா அவர்களுக்குப் பின்னால் இரண்டு அடி போனாள். அம்மா வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு கிழமையில் கடிதம் வந்தது. தேவை இருப்பதாகக் காணப்படவில்லையாம். அப்பா அன்றைக்குத் தண்ணீர் முறையை விட்டுவிட்டுச் சைக்கிளில் டிப்போவுக்குப் போனார். பொழுது சாயத் திரும்பி வந்து, குசினி வாசலில் குந்தினார்.

"நாங்கள் குறையில்லாத ஆக்களாம். மகஜரிலை அப்பிடித்தான் கிடக்காம். எடுத்துக் காட்டினவங்கள்," என்றார். பிறகு, "எழுத்து நல்ல வடிவாம் எண்டு சொன்னவங்கள்," என்றார். அக்கா சோற்றுக்கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். அப்பா சாப்பிடவில்லை.

மாதம் முடிந்தது. பெயரை வெட்டினார்கள். அக்காவுக்குப் பத்தொன்பதில் கலியாணம்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில் பஸ் தானாக வந்தது. ஏன் வந்தது, யார் கேட்டு வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஊர்ப் பள்ளிக்கூடம் முடித்து, அதில் ஏறிப் படித்தது நான். அக்காவின் வெள்ளைச் சட்டையை மடிப்பு அவிழ்த்துத் தைத்து நான் போட்டேன். சிவப்பு நூல் தைத்த உறைக்குள் என் சீசனை வைத்தேன். நான் வளர்ந்த பிறகும் அப்பா ஒவ்வொரு நாளும் நிறுத்தம்வரை வந்து, நான் ஏறி இருக்கிறதைக் கண்டபிறகுதான் திரும்புவார்.

நேற்றுத்தான் அந்தத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். இந்த முறை கல்வீடும் இல்லை, மலாயாவும் இல்லை. பெயர், விலாசம், கையெழுத்து, கடைசியில் என்ன தேவைக்கு என்று ஒரு நிரல். ஒருவர் கிளினிக் என்று எழுதியிருந்தார். ஒருத்தி தையல் வேலை என்று எழுதியிருந்தாள். நிறையப் பேர் பள்ளிக்கூடம்.

அக்கா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் தாள்களை வைத்தேன். "அக்கா, அண்டைக்கு அந்தப் பஸ்ஸுக்குள்ளை..." என்று தொடங்கினேன். எத்தனையோ வருஷமாகத் தொடங்கி விழுங்கின வசனம்.

"பேனையைத் தா," என்றாள்.

கையைச் சேலையில் துடைத்துவிட்டு எழுதினாள். அதே மணிமணியான எழுத்து. தாளை என் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்ப முருங்கையிலையை எடுத்தாள். நான் வாசித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அவளுக்குக் கீழே என் கையெழுத்தை வைத்தேன்.

இன்றைக்குக் காலை அந்தப் பெண் வந்தாள். தாளை விரலால் ஓட்டிப் பார்த்தவள் கடைசி நிரலில் நின்றாள்.

"அன்ரி, பெரியன்ரி மாறி எழுதிப்போட்டாபோலை. பள்ளிக்கூடம் போக எண்டு கிடக்கு."

அக்கா உள்ளேதான் இருந்தாள். அவளுக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன்.

"மாறி எழுதேல்லைப் பிள்ளை," என்றேன். "அக்கா ரவுணிலை படிச்சவ."